பழைய பொருளை ஆன்லைனில் வாங்கும்போதும் விற்கும்போதும் ஏமாறாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் செல்போன், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்கள் கூடவே ஒரு சந்தேகத்தையும் கொண்டு வருகிறார்கள். ஓஎல்எக்ஸில் ஒருவர் பணம் அனுப்புகிறேன் என்கிறார், நம்பலாமா? ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பாதி விலைக்கு ஐபோன் இருக்கிறது, எடுக்கலாமா? சிலர் பணம் போன பிறகுதான் வருகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார்களே என்று தோன்றும். அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

1. ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் வாங்குறதே ஆபத்துங்கிறாங்களே, பேசாம விட்டுடலாமா?

விட வேண்டியதில்லை. பையனுக்குக் காலேஜ் லேப்டாப், புதுக் குடித்தனத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் என்று குறைந்த பணத்தில் நல்ல பொருள் கிடைக்க இதுதான் வழி. நேர்மையாக விற்கிறவர்கள்தான் அதிகம். நானே கடைக்கு வேண்டிய மானிட்டர்களை அப்படித்தான் வாங்குகிறேன்.

ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பொருளும் பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கைக்குக் கை மாற வேண்டும். நான் பார்த்த ஏமாற்று எல்லாமே இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் தொடங்கியிருக்கிறது. பணம் இன்றைக்கு, பொருள் நாளைக்கு என்பார்கள். இல்லையென்றால் பொருள் இங்கே, பணம் வந்துகொண்டே இருக்கிறது என்பார்கள்.

2. கட்டில் விக்கப் போட்டேன். வாங்குறவர் க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணா பணம் ஏறிடும்கிறார். பண்ணலாமா?

கூடவே கூடாது. தை மாதத்தில் ஒரு அக்கா, போனைக் காதில் வைத்தபடியே கடைக்குள் வந்தார். வீடு மாறுவதால் தேக்குக் கட்டிலை 8,500 ரூபாய்க்குப் போட்டிருந்தார். "தம்பி, வாட்ஸ்அப்ல வந்த படத்தை அதே போன்ல எப்படி ஸ்கேன் பண்றது?" என்று கேட்டார். படத்தின் மேல் மஞ்சள் எழுத்தில் "ரூ. 8,500 பெற" என்று போட்டிருந்தது. அதற்கு முன்பு 5 ரூபாய்க்கு ஒரு கோடு அனுப்பி, அக்கா ஸ்கேன் செய்ததும் 10 ரூபாயைத் திருப்பிப் போட்டிருக்கிறான். அதில்தான் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவரே கேலரியிலிருந்து படத்தை ஆப்பில் திறந்தார். ஏதோ ஒரு பெயர், 8,500 என்ற தொகை, கீழே "பே" என்று ஒரு பொத்தான். மறுமுனையில் ஒருவன், "அழுத்துங்க மேடம், பின் போடுங்க, உடனே ஏறிடும்" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். நான் அந்தப் பொத்தானைக் காட்டி, "அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க" என்றேன். வாசித்தார். ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. அப்புறம் போனை வைத்துவிட்டார்.

படத்தின் மேல் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். கோடு என்ன செய்யும் என்பது ஆப் காட்டும் திரையில்தான் தெரியும். நீங்கள் ஸ்கேன் செய்தால் உங்கள் பணம் வெளியே போகும். யுபிஐ பின் நம்பர் கேட்பது முக்கியமாக இரண்டு வேளைக்குத்தான்: பணம் அனுப்பும்போது, இருப்பு பார்க்கும்போது. பணம் வாங்க எந்த ஆப்பும் பின் கேட்காது.

3. அப்போ பணம் வாங்க நான் என்னதான் கொடுக்கணும்?

உங்கள் செல் நம்பர் அல்லது யுபிஐ ஐடி போதும். இல்லை, உங்கள் க்யூஆர் கோடை அவர் ஸ்கேன் செய்யட்டும். அதோடு உங்கள் வேலை முடிந்தது. ஓடிபி, பின், லிங்க், ஏடிஎம் கார்டு நம்பர், கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் என்று எதைக் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. "பேமென்ட் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கேன், அக்செப்ட் பண்ணுங்க"ன்னு சொல்றாங்க. அது என்ன?

ரிக்வெஸ்ட் என்றால் உங்களிடம் பணம் கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஏற்றுக்கொண்டு பின் போட்டால் உங்கள் பணம் போய்விடும். இதில் நிறையப் பேர் ஏமாந்ததால், தனிநபர் இன்னொரு தனிநபருக்கு இப்படி ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஆனால் வியாபாரக் கணக்கிலிருந்து இன்னும் ரிக்வெஸ்ட் வரலாம். உங்கள் பழைய சைக்கிளை வாங்குகிறேன் என்றவரிடமிருந்து ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் ரிக்வெஸ்ட் வந்தால், ஆள் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

5. பணம் அனுப்பிட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட் காட்டினார், பேங்க் மெசேஜும் வந்துச்சு. பொருளைக் கொடுத்துடலாமா?

ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மதிப்பே கிடையாது. பச்சை டிக், சத்தம், தேதி, நேரம் எல்லாம் அசல் மாதிரியே காட்டுகிற போலி ஆப்கள் இருக்கின்றன. என் கண் முன்னாலேயே அனுப்பினார் என்பதும் சாட்சி ஆகாது.

மெசேஜையும் யார் அனுப்பியது என்று பாருங்கள். பத்து இலக்க செல் நம்பரிலிருந்து "உங்கள் கணக்கில் வரவு" என்று வந்தால் அது வங்கி அனுப்பியது இல்லை. நீங்களே உங்கள் ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். தொகை ஏறியிருந்தால் மட்டும் பொருள் கை மாறட்டும். "சர்வர் பிஸி, அரை மணி நேரத்துல ஏறிடும்" என்றால், அந்த அரை மணி நேரம் அவரும் உட்காரட்டும், பொருளும் உங்களிடமே இருக்கட்டும்.

6. தெரியாம அதிகமா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கன்னு அழறாரு. பாவமா இருக்கே?

5,000 அனுப்ப வேண்டிய இடத்தில் ஒரு சைபர் கூடிப்போய் 50,000 அனுப்பிவிட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கட்ட வைத்திருந்த பணம் என்பார்கள். முதல் வேலை, முந்தின பதிலில் சொன்ன மாதிரி இருப்பைப் பாருங்கள். அநேகமாக ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. வந்தது வெறும் மெசேஜ்தான்.

நிஜமாகவே ஏறியிருந்தால்? அதைத் தொடாதீர்கள், நீங்களாகத் திருப்பியும் அனுப்பாதீர்கள். "உங்க பேங்க்ல புகார் கொடுங்க, நானும் என் பேங்க்ல சொல்றேன், அவங்க வழியா திரும்பட்டும்" என்று சொல்லிவிட்டு, உங்கள் கிளையில் எழுதிக் கொடுங்கள். அது மூன்றாவது ஒருவரிடமிருந்து திருடிய பணமாகக்கூட இருக்கலாம். அதனால் வரும் சிக்கலை 15-வது கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

7. ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சுன்னு ஐடி கார்டெல்லாம் அனுப்பினார். ராணுவத்துக்காரர் ஏமாத்துவாரா?

ராணுவத்துக்காரர் ஏமாற்றவில்லை. அவர் பெயரைச் சொல்லி வேறொருவன் ஏமாற்றுகிறான். சீருடை போட்ட படம், கேன்டீன் கார்டு, ஆதார் என்று அவன் அனுப்புவதெல்லாம் யாரோ ஒருவருடைய அடையாளத்தைத் திருடியது. நம் ஊரில் பட்டாளத்துக்காரர்மேல் இருக்கும் மரியாதையை இவர்கள் காசாக்குவதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.

கதை எப்போதும் ஒன்றுதான். புல்லட்டோ ஸ்கூட்டரோ கால் விலைக்குப் போட்டிருக்கும். வண்டி விமான நிலையத்திலோ கேம்ப்பிலோ நிற்கிறது, நேரில் வந்து பார்க்க அனுமதி இல்லை, ஆர்மி கூரியரில் வீட்டுக்கே வந்துவிடும் என்பார்கள். முதலில் 2,150 மாதிரி ஒரு சின்னத் தொகை கேட்பார்கள். பிறகு கேட் பாஸ், ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ், "திரும்பத் தரப்படும் டெபாசிட்" என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொடுத்ததை விட மனசில்லாமல் அடுத்ததையும் கட்டுகிறோம். ஐந்தாறு தடவை கட்டியவரைப் பார்த்திருக்கிறேன். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரர்களிடம் வருபவர்களும் இதே வேஷத்தில் வருகிறார்கள்.

8. நல்ல பொருள், வேற ஆளுக்குப் போயிடும், டோக்கனா ஆயிரம் மட்டும் போடுங்கன்னா?

போடாதீர்கள். "ஒரு மணி நேரத்தில் நேரில் வருகிறேன், முழுப் பணத்தோடு வருகிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையான விற்பனையாளருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அதற்குள் போய்விட்டால் போகட்டும். அதே மாடல் அடுத்த வாரம் வேறொருவர் போடுவார்.

9. விளம்பரத்தைப் பார்த்தே போலின்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். விலையைப் பாருங்கள். மற்றவர்கள் எல்லாம் 30,000 சொல்லும் மாடலை ஒருவர் மட்டும் 12,000-க்குக் கொடுக்க என்ன அவசரம்? படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு ஊர், வேறு பெயரில் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்னணியில் தெரியும் நம்பர் பிளேட், சுவரில் மாட்டிய காலண்டர் இதெல்லாம் கவனியுங்கள். திருச்சி விளம்பரத்தில் வேறு மாநில மொழிக் காலண்டர் தொங்குவதைக் கண்டிருக்கிறேன்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, பொருள்மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். வீடியோ காலில் ஆன் செய்து காட்டச் சொன்னாலும் சரிதான். பொருள் கையில் இருப்பவருக்கு இரண்டு நிமிஷ வேலை. இல்லாதவர் கோபப்படுவார், இல்லையென்றால் சாக்கு சொல்வார்.

10. எங்க சந்திக்கிறது? வீட்டுக்கு வரச் சொல்றது சரியா?

சின்னப் பொருளென்றால் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை, வங்கி வாசல், தெரிந்த சர்வீஸ் கடை. வங்கி வாசலில் ஒரு வசதி, ரொக்கத்தை அங்கேயே டெபாசிட் மெஷினில் போட்டுக் கள்ள நோட்டு இல்லையென்று உறுதி செய்துகொள்ளலாம். ஃபிரிட்ஜ், கட்டில் என்றால் வீட்டுக்குத்தான் வர வேண்டும். கூட இன்னொருவர் இருக்கட்டும், பொருளை ஹாலுக்கோ வாசலுக்கோ முன்பே கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

கார் மாதிரிப் பெரிய விற்பனையில் ஒரு விஷயம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. வங்கி வழியாகவே வாங்குங்கள்.

11. செகண்ட் ஹேண்ட் போன்ல என்னென்ன பார்க்கணும்? திருட்டுப் போன்னு எப்படித் தெரியும்?

*#06# அழுத்தினால் ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண். அது பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆப் வேண்டாமென்றால், கே ஒய் எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, இடம் விட்டு, எண்ணை அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பறிகொடுத்தவர் புகார் செய்து முடக்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். இந்த முடக்கும் வசதி 2023 மே மாதம் முதல் நாடு முழுக்க இருக்கிறது. நேற்றுத் திருடிய போன் இன்னும் பட்டியலில் ஏறாமல் இருக்கலாம். அதனால் பில் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.

இதைவிட முக்கியமாக நான் சொல்வது, உங்கள் எதிரிலேயே அவர் கூகுள் அக்கவுன்ட்டை, ஐபோன் என்றால் ஐகிளவுட்டை, வெளியேற்றிவிட்டு ரீசெட் போடட்டும். ரீசெட் முடிந்து, உங்கள் சிம்மைப் போட்டு, முகப்புத் திரை வரும்வரை உட்கார்ந்திருங்கள். இருபது நிமிஷம் ஆகும். "நான் ஏற்கெனவே ரீசெட் பண்ணி வச்சிருக்கேன்" என்ற போனை வாங்கிவந்து, பழைய சொந்தக்காரரின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும் போனோடு மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார். அதைத் திறந்துதர நேர்மையான கடைக்காரரால் முடியாது. திருட்டுப் பொருளென்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் வாங்கியவர்மேலும் வழக்கு வரும்.

12. லேப்டாப்புக்கும் அதேதானா?

பெரும்பாலும் அதேதான், கூட ஒன்று. கம்பெனி லேப்டாப்கள் வெளியே வருகின்றன. வேலையை விட்டவர் திருப்பிக் கொடுக்காமல் விற்றதாகவும் இருக்கும். விண்டோஸ் புதிதாகப் போட்டு இன்டர்நெட்டோடு இணைத்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையச் சொன்னால், அந்த இயந்திரம் இன்னும் அந்த நிறுவனத்தின் பிடியில்தான் இருக்கிறது. அதனால் பார்க்கப் போகும்போது உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைத்துப் பாருங்கள். பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு கேட்கிறதா, அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் பயாஸில் தெரியும் நம்பரும் ஒன்றா என்பதையும் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிஷம் ஓட்டுங்கள், பேட்டரியின் நிலைமை புரிந்துவிடும்.

13. பைக்கை வித்துட்டேன், ஆர்.சி. இன்னும் என் பேர்லதான் இருக்கு. வாங்கினவர் பார்த்துப்பார்தானே?

இதை மட்டும் அவர் பொறுப்பில் விடாதீர்கள். அபராதச் சலானும், விபத்து நடந்தால் நஷ்டஈடும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரைத்தான் தேடி வரும். வண்டி பல கை மாறிய ஒரு விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதிலும் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் வீடே ஆட்டம் காணும்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். படிவம் 29-ம் 30-ம். பரிவாஹன் இணையதளத்திலேயே தொடங்கலாம். முடிந்தால் வாங்குபவரோடு சேர்ந்து நீங்களே இதை முடித்துவிடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேண்டாம். வாங்குபவர் பக்கம் பார்க்க வேண்டியவை: எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் விவரம், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று வரும். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பேச்சு. சேசிஸ் நம்பரை வண்டியிலேயே தடவிப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

14. வண்டியை நேர்ல பார்த்தேன், ஓட்டியும் பார்த்தேன், பணமும் கொடுத்தேன். இப்போ ஓனர் "எனக்குப் பணமே வரல"ங்கிறார். யார்தான் ஏமாத்துறது?

இரண்டு பேருமே நல்லவர்களாக இருக்கலாம். நடுவில் ஒருவன் இருந்திருப்பான். மிகவும் கெட்டிக்காரத்தனமான மோசடி இது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மூர்த்தி என்று ஒருவர் (பெயர் சும்மா உதாரணத்துக்கு) தன் காரை 3 லட்சத்துக்குப் போடுகிறார். நடுவன் அவருக்குப் போன் செய்து, விலை பேசாமல் ஒத்துக்கொள்கிறான். "என் மச்சான் வந்து பார்ப்பான், அவனுக்கு நான் பணம் தரணும், அதுக்குப் பதிலாத்தான் கார். அவன்கிட்ட விலை மட்டும் பேசாதீங்க" என்கிறான். பிறகு மூர்த்தி போட்ட அதே படங்களை எடுத்து, 2 லட்சம் என்று தானே ஒரு விளம்பரம் போடுகிறான். அதைப் பார்த்துக் கூப்பிடுகிற செல்வத்திடம், "கார் என் அண்ணன் வீட்டுல நிக்குது, போய்ப் பாருங்க. அண்ணன்கிட்ட விலை பேசாதீங்க, குடும்பத்துல கொஞ்சம் மனஸ்தாபம்" என்கிறான். செல்வம் போகிறார். கார் இருக்கிறது, ஆர்.சி. இருக்கிறது, ஓட்டிப் பார்க்கிறார், திருப்தி. அங்கே நின்றபடியே நடுவன் சொன்ன கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டுச் சாவியைக் கேட்கிறார். மூர்த்தி விழிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்று திட்டிக்கொள்ளும் நேரத்தில் நடுவன் சிம்மைக் கழற்றிவிட்டுப் போயிருப்பான்.

தப்பிக்க வழி சுலபம். எதிரில் நிற்கும் மனிதரிடம் விலையை வாய்விட்டுக் கேளுங்கள்: "இந்த வண்டி எவ்வளவுக்குக் கொடுக்கிறீங்க, பணம் யார் கணக்குக்குப் போடணும்?" விலை பேசாதீர்கள் என்று யார் சொன்னாலும், அதனாலேயே பேசுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்கு மட்டும் பணம் போடுங்கள். அனுப்புவதற்கு முன்னால், பெறுபவரின் வங்கிக் கணக்கில் பதிவான பெயரை யுபிஐ ஆப் காட்டும். 2025 ஜூன் இறுதியிலிருந்து எல்லா ஆப்பும் அப்படித்தான் காட்ட வேண்டும் என்று என்பிசிஐ விதி வைத்திருக்கிறது. அந்தப் பெயரும் ஆர்.சி.யும் வேறாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

15. பழைய போனை வித்தேன், பணம் ஒழுங்கா வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு பேங்க் அக்கவுன்ட்டை முடக்கிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?

தப்பு எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். மோசடிக்காரன் வேறு ஊரில் ஒருவரை ஏமாற்றி, அந்தப் பணத்தை நேராக உங்கள் கணக்குக்குப் போடவைத்து, உங்களிடம் போனை வாங்கிக்கொண்டு போயிருப்பான். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் பணம் போன பாதையைப் போலீஸ் தொடர்ந்து வருகிறது. அதில் உங்கள் கணக்கும் இருக்கிறது.

கிளைக்குப் போய், எந்த ஊர்ப் போலீஸ், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, போன் பில், விற்பனை ரசீது எல்லாவற்றின் நகலையும் அந்த விசாரணை அதிகாரிக்கும் வங்கிக்கும் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் விட்டுவிட்டுப் பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். சம்பளக் கணக்கு என்றால் அதையும் எழுதுங்கள். அசைந்து கொடுக்கவில்லை என்றால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் கேட்கலாம். அலைச்சல்தான். அதனால் விற்கும்போதே பணம் எந்தப் பெயரிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். வாங்க வந்தவர் ஒரு பெயர், பணம் போட்டவர் வேறு பெயர் என்றால் பொருளைக் கொடுக்காதீர்கள். 6-வது பதிலில் சொன்ன மாதிரி வங்கி வழியாகவே திரும்பட்டும்.

16. விற்பனை ரசீதுன்னா என்ன? ஸ்டாம்ப் பேப்பர்லயா எழுதணும்?

சாதாரண நோட்டுத் தாள் போதும். என் கடையில் எழுதிக் கொடுப்பது இப்படித்தான்:

"(தேதி), (விற்பவர் பெயர், ஊர்) ஆகிய நான், (நிறம், மாடல்) கைபேசி ஒன்றை, ஐஎம்இஐ எண் (15 இலக்கம்), ரூ. (தொகை)க்கு (வாங்குபவர் பெயர், ஊர்) அவர்களிடம் விற்று, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன். இது எனக்குச் சொந்தமானது, திருட்டுப் பொருள் அல்ல."

இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு பேர் செல் நம்பர். இருவருமே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுத்து, அதன்மேல் "இந்தக் கைபேசி விற்பனைக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிவிடுங்கள். வெறும் ஆதார் படத்தை வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவருக்கு அனுப்பினால், 7-வது பதிலில் வரும் வேஷத்துக்கு அடுத்த முறை உங்கள் பெயர் பயன்படும்.

17. என் பழைய போனை விக்கிறதுக்கு முன்னாடி போட்டோவை அழிச்சா போதும்ல?

போதாது. யுபிஐ ஆப்களிலும் வங்கி ஆப்களிலும் வெளியேறுங்கள், வாட்ஸ்அப்பை புதுப் போனுக்கு மாற்றுங்கள், சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள், இ-சிம் இருந்தால் அதையும் நீக்குங்கள். பிறகு அக்கவுன்ட்டை வெளியேற்றி ரீசெட் போடுங்கள். ஆன் ஆகாத போனை எடைக்குப் போடாதீர்கள். உள்ளே நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் படமெல்லாம் இருக்கும்.

18. கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுள்ல தேடி எடுத்தேன். அவங்க ஒரு ஆப் போடச் சொன்னாங்க.

அது மோசடிக்காரன் போட்டுவைத்த நம்பராக இருக்கும். உதவி வேண்டுமென்றால் நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதிக்கு மட்டும் போங்கள். திரையைப் பகிரும் ஆப், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (தொட்டால் ஆப்பை நிறுவும் கோப்பு) இரண்டும் உங்கள் போனையே அடுத்தவன் கையில் கொடுப்பதற்குச் சமம். போட்டுவிட்டால் உடனே டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள்.

19. பணம் போயிடுச்சு. இப்போ என்ன செய்யறது?

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1930-க்குக் கூப்பிடுங்கள். நாடு முழுக்க இணையப் பண மோசடிக்கான உதவி எண் அது. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்தப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை, அதனால் ஒவ்வொரு நிமிஷமும் பெரிது. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுபிஐ எண் ஒன்று இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் மாவட்டத்து சைபர் கிரைம் காவல் நிலையம்.

அவன் நம்பரைப் பிளாக் செய்யும் முன் பேச்சு முழுவதையும் படம் பிடித்து வையுங்கள். கோபத்தில் சாட்டை அழித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அதுதான் உங்கள் சாட்சி.

20. பேங்க் திருப்பித் தருமா?

நீங்கள் எதுவும் செய்யாமலேயே பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள்மேல் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் உத்தரவிட்டது. நீங்களே பின் போட்டு அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். அந்த நிலையில் 1930 நிறுத்திவைக்கும் தொகைதான் நம்பிக்கை. அதனால்தான் நேரத்தை இவ்வளவு சொல்கிறேன்.

21. வீட்டுல சொன்னா திட்டுவாங்க. கொஞ்ச நாள் கழிச்சு சொல்லிக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து. ஒரு காலேஜ் பையன் 14,000 ரூபாய் போனதை நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் சுற்றியிருக்கிறான். என்னிடம் வந்தபோது அந்தப் பணம் நான்கு கணக்கு தாண்டியிருந்தது. அவன் அப்பாவுக்கு நானே போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பையன் சாப்பிட்டானா?" என்பதுதான். ஏமாந்தவர் முட்டாள் இல்லை. வங்கியில் வேலை பார்த்தவர்களும் என் கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், "ஏன் இப்படிப் பண்ணே" என்பதை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம், முதலில் 1930-க்குப் போடுங்கள்.

22. புகார் கொடுத்தப்புறம் ஒருத்தர் கூப்பிட்டு, "சைபர் செல்லுல இருந்து பேசறேன், உங்க பணம் கிடைச்சிடுச்சு, ப்ராசசிங் ஃபீ 1,500 கட்டுங்க"ன்னார். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் நம்பர்களும் கைமாறுகின்றன. அதை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். மீட்ட பணத்தைக் கொடுக்கப் போலீஸ் உங்களிடம் கட்டணம் வாங்காது, கோடு அனுப்பி ஸ்கேன் செய்யவும் சொல்லாது. புகார் பதிந்தபோது வந்த ஒப்புகை எண்ணை அந்த ஆளிடம் சொல்லாமல், அதை எடுத்துக்கொண்டு நீங்கள் புகார் கொடுத்த அதே காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.